ஒல்லியான உடம்புக்கு விண்வெளிப் போர்வீரன் கவசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி வட்டாரத்தில் கல்லூரி விழாவுக்கோ, மாறுவேடப் போட்டிக்கோ, ரசிகர்கள் வேடம் போட்டு வரும் சென்னை காமிக் கான் விழாவுக்கோ ஃபோம் ஷீட்டில் விண்வெளிப் போர்வீரன் கவசம் செய்ய நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. கேட்பவர்களில் நிறையப் பேர் ஒல்லியான பிள்ளைகள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளோ பெரும்பாலும் ஆறடி உயரமும் அகன்ற மார்பும் உள்ளவர்களுக்காக வரைந்தவை. அதை அப்படியே வெட்டிப் போட்டுப் பார்த்துவிட்டு, நமக்கு இது சரிப்படாது என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதே இல்லை. மாதிரியை உடம்புக்குக் கொண்டுவரத் தெரிந்தால் போதும்.

நான் 52 கிலோதான். கவசம் போட்டால் பார்க்க நன்றாக இருக்குமா?

இருக்கும். கவசம் எவர் போட்டாலும் உடம்பில் ஒரு சுற்றுப் பருமன் கூடும். ஏற்கெனவே பருமனாக இருப்பவர்களுக்கு அதனால் கை கீழே இறங்காது, தொடை உரசும், உட்காரச் சிரமம். உங்களுக்கு உள்ளே இடம் இருக்கிறது. மெத்தை வைக்கலாம், பட்டை கொடுக்கலாம், சின்ன ஃபேன்கூட வைக்கலாம்.

ஒல்லியானவர்களின் கவசம் நன்றாக இல்லாமல் போவதற்கு மூன்று காரணங்கள்தான். கவசம் உடம்பை விட்டுத் தள்ளி நிற்கும். நடக்க நடக்கக் கீழே இறங்கும். தோள் குறுகலாக இருக்க ஹெல்மெட் மட்டும் பெரிதாகத் தெரியும். இந்த மூன்றுக்கும் வழி இருக்கிறது, கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அளவு எடுப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

சட்டைக்கு எடுக்கும் அளவு போதாது. சட்டைத் துணி வளைந்து கொடுக்கும், ஃபோம் அவ்வளவு கொடுக்காது. அதனால் ஒவ்வொரு உறுப்புக்கும் மேல் சுற்று, நடுச் சுற்று, கீழ்ச் சுற்று, நீளம் என்று நான்கு அளவாவது வேண்டும். முன்கைக்கு முட்டியை ஒட்டி ஒன்று, நடுவில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. கெண்டைக்காலுக்கும் தொடைக்கும் அப்படியே. மார்பை மூச்சை நன்றாக இழுத்து நிறுத்திக்கொண்டு அளக்க வேண்டும். சும்மா நிற்கும்போது எடுத்த அளவில் செய்தால், நாலு படி ஏறியதும் மூச்சு முட்டும்.

கவசத்துக்குள் என்ன போடப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டே அளவு எடுங்கள். ஷூவும் காலில் இருக்கட்டும். கீழ்க்கால் கவசத்தின் நீளம் ஷூவைப் பொறுத்துத்தான்.

அப்புறம், இன்னொருவரை எடுக்கச் சொல்லுங்கள். நாமே குனிந்து டேப்பைப் பிடித்தால் முதுகு வளைந்து உடல் நீளம் குறைந்துவிடும். தெருவில் இருக்கும் டெய்லர் அண்ணாச்சியிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஒரு தோள் இறங்கியிருக்கிறதா, முதுகு கூன் விழுந்திருக்கிறதா என்பதையும் அவர் கண் பார்த்துவிடும். உயரமாகவும் ஒல்லியாகவும் இருக்கும் பிள்ளைகள் பலர் தோளை முன்னால் குவித்து நிற்பார்கள். அது தெரியாமல் முதுகுக் கவசம் செய்தால் கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தள்ளி நிற்கும்.

இன்னும் துல்லியமாக வேண்டுமானால், பழைய பனியனைப் போட்டு, அதன்மேல் பார்சல் ஒட்டும் டேப்பைச் சுற்றி, முதுகில் நேராக வெட்டிக் கழற்றுங்கள். வெட்டிய இடத்தைத் திரும்ப ஒட்டி உள்ளே பழைய துணியைத் திணித்தால் உங்கள் உடம்பே கிடைத்த கணக்கு. இதைக் காலை வெயில் ஏறுமுன் செய்யுங்கள், இறுக்கிச் சுற்ற வேண்டாம், பக்கத்தில் கத்திரியோடு ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். தலைசுற்றினால் உடனே வெட்டிவிட வேண்டும்.

மாதிரியை மொத்தமாக 80 சதவீதத்துக்குச் சுருக்கிப் பிரிண்ட் எடுத்தால் போதாதா?

போதாது. எல்லோரும் முதலில் செய்வது இதுதான், பாதிப் பேருடைய கவசம் கெடுவதும் இங்கேதான். ஒல்லியானவர் என்றால் அகலம்தான் குறைவு, உயரம் அல்ல.

ஒரு கணக்குப் பார்ப்போம். மாதிரி 42 அங்குல மார்புக்கு வரைந்தது, முன்பக்க நீளம் 44 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மார்பு 32 அங்குலம். உள்ளே சுற்றி அரை அங்குலம் மெத்தை வைத்தால் 35 அங்குலம் ஆகிவிடும். 35-ஐ 42-ஆல் வகுத்தால் 83 சதவீதம். இதே 83-ஐ உயரத்துக்கும் போட்டால் முன்பக்கம் 36.5 செ.மீ.க்கு வந்து நிற்கும். உங்கள் உடம்பின் முன்பக்க நீளமோ 42 செ.மீ. ஐந்தரை செ.மீ. வயிறு வெளியே தெரியும், தம்பியின் சட்டையைப் போட்டதுபோல் ஆகிவிடும். சரியான கணக்கு, அகலம் 83 சதவீதம், உயரம் 95 சதவீதம்.

கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாதிரியாக இருந்தால் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் தனித்தனியாக மாற்றலாம். பெப்பகுரா டிசைனர் போன்ற மென்பொருள் அந்த மாதிரியை விரித்துத் தாளில் கொடுக்கும். கையில் இருப்பது தாள் மாதிரிதான் என்றால் டெய்லர்கள் செய்வதைச் செய்யுங்கள். பக்கவாட்டுத் தையலை ஒட்டி மேலிருந்து கீழாக நேராக வெட்டி, வேண்டிய அளவு ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டுங்கள். நடு மார்பில் வெட்ட வேண்டாம், அங்கேதான் அலங்காரமெல்லாம் இருக்கும்.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். அகலத்தையும் உயரத்தையும் வேறுவேறாகச் சுருக்கினால் வட்டமெல்லாம் முட்டை வடிவமாகிவிடும். மார்பில் வட்ட விளக்கு இருந்தால் அது நீள்வட்டமாக நிற்கும், பார்த்தவுடனே கண்ணில் உறுத்தும். அதனால் வட்ட விளக்கு, குமிழ், சின்னம் போன்றவற்றை முதலிலேயே எடுத்துவிட்டு, சரியான வடிவத்தில் தனியாக வெட்டிப் பின்னால் ஒட்ட வேண்டும்.

ஃபோமில் கை வைக்குமுன் சார்ட் அட்டையில் ஒரு முழுக் கவசம் வெட்டி, மாஸ்கிங் டேப்பால் ஒட்டிப் போட்டுப் பாருங்கள். போட்டுக்கொண்டு கையைத் தூக்குங்கள், குனியுங்கள், உட்காருங்கள். இடிக்கும் இடத்தில் பேனாவால் குறித்து வெட்டுங்கள்.

எந்த ஃபோம் வாங்க வேண்டும்? நம் ஊரில் கிடைக்குமா?

ஈ.வி.ஏ. ஃபோம்தான். குழந்தைகள் விளையாட வீட்டில் விரிக்கும், ஒன்றோடொன்று பல் கோக்கும் பாய் இந்த ஃபோம்தான். பெரும்பாலும் 10 மி.மீ. தடிமனுக்கு மேல் இருக்கும். விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். ஸ்டேஷனரிக் கடைகளில் கைவேலைக்கு விற்கும் கலர் ஃபோம் ஷீட் 2 மி.மீ. அலங்காரத்துக்கு அது போதும். நடுத்தரமான 5 மி.மீ. ஷீட்டுக்குச் செருப்புத் தைப்பவர்களிடமும் காலணி மூலப்பொருள் விற்பவர்களிடமும் கேளுங்கள். செருப்புத் தொழிலில் இது அன்றாடம் புழங்கும் சரக்கு. யோகா பாயை வாங்குமுன் விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து மெதுவாக எழும்பினால் அது கவசத்துக்கு ஆகாது.

தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். உடையும், சூடு தாங்காது, ரப்பர் பசையும் ஸ்ப்ரே பெயின்டும் அதைக் கரைத்துவிடும்.

கைகால் மெலிந்திருக்கிறது. தடிமனான ஃபோம் போட்டால் பருமனாகத் தெரியும் அல்லவா?

தெரியாது, நேர்மாறாக ஆகும். 22 செ.மீ. சுற்றளவுள்ள முன்கையில் 1 செ.மீ. இடைவெளி விட்டு 10 மி.மீ. ஃபோம் சுற்றினால் வெளிச்சுற்று 34.6 செ.மீ. ஆகும். கையைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். அதிலிருந்து வெளியே வரும் விரல்களும் முட்டியும் இன்னும் மெலிதாகத் தெரியும். அதே கைக்கு 5 மி.மீ. ஃபோம், அரை செ.மீ. இடைவெளி என்றால் வெளிச்சுற்று 28.3 செ.மீ. கையின் வடிவமும் தெரியும், கவசமும் கவசமாக இருக்கும்.

பருமன் காட்ட வேண்டிய இடம் தோளும் மார்பும். அங்கே 10 மி.மீ. போடுங்கள். தோள் தட்டு இரண்டு பக்கமும் உடம்பை விட்டு நாலு, ஐந்து செ.மீ. வெளியே நிற்கட்டும். இடுப்பை ஒடுக்கமாகவே விடுங்கள். மேலே அகலம், நடுவில் ஒடுக்கம் என்று வந்துவிட்டால் ஒல்லியான ஆள்தான் நிஜமான வீரனாகத் தெரிவார்.

ஷீட்டை எவ்வளவு நீளம் வெட்டுவது என்பதற்கு ஒரு வாய்பாடு. இடைவெளியோடு ஃபோம் தடிமனில் பாதியைக் கூட்டி 6.28-ஆல் பெருக்குங்கள். வருவதை உடம்பின் சுற்றளவோடு சேருங்கள். அரை செ.மீ. இடைவெளிக்கும் 5 மி.மீ. ஃபோமுக்கும் 4.7 செ.மீ. கூட்ட வேண்டும். 22 செ.மீ. கைக்கு 26.7 செ.மீ. வெட்டினால் சரியாக வரும்.

மணிக்கட்டில்தான் சிக்கல். ஒல்லியானவர்களுக்கு மணிக்கட்டு 15 செ.மீ. இருக்கும், மேலே சொன்ன கணக்குப்படி அங்கே கவசத்தின் உள்சுற்று 18 செ.மீ.தான் வரும். ஆனால் கட்டைவிரலை மடக்கினாலும் உள்ளங்கைச் சுற்று அதைவிடப் பெரிது. கை உள்ளே போகாது. கை போவதற்காக வாயைப் பெரிதாக்கினால் மணிக்கட்டில் தொளதொளவென்று ஆடும். ஆகவே வாயைச் சிறிதாகவே வைத்து, உள்ளங்கைப் பக்கம் நீளவாக்கில் பிளந்து, வெல்க்ரோ போட்டு மூடுங்கள். கீழ்க்காலிலும் இதே கதைதான். கணுக்கால் சிறிது, குதிகாலோடு சேர்ந்த பாதம் பெரிது. பின்பக்கம் திறந்து மூடுகிற மாதிரி செய்ய வேண்டும்.

உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து உடம்பைப் பெரிதாக்கலாமா?

அளவாக வைக்கலாம். உடம்பு முழுக்க வைத்தால் நம் ஊர் வெயிலில் அரைமணி நேரம் தாங்க முடியாது. இறுக்கமான கைவைத்த பனியனில் மார்பின் இரண்டு பக்கமும், தோள்முனை, மேல் முதுகு ஆகிய இடங்களில் மட்டும் சோபாவுக்குப் போடும் அரை அங்குல ஸ்பாஞ்சை வெட்டித் தையுங்கள். ஓரங்களைச் சரிவாக வெட்டினால் மேடு தெரியாது. அக்குள், வயிறு, நடு முதுகு மூன்றையும் காற்றுக்கு விட்டுவிடுங்கள்.

தட்டுகளுக்கு இடையில் தெரியும், கவசத்துக்குள் போடும் உடை கறுப்பு அல்லது அடர் சாம்பல் நிறமாக இருக்கட்டும். வெளிர் நிறம் போட்டால் கைகால் எவ்வளவு மெலிவு என்பதைத்தான் காட்டும். விளையாட்டு வீரர்கள் போடும் வியர்வை உலரும் துணி நல்லது.

மார்புக் கவசம் தட்டையாகவே நிற்கிறது. எடுப்பாக எப்படிக் கொண்டுவருவது?

பிளவுஸ் தைக்கும் அக்காவிடம் போய் டாட் எப்படிப் பிடிப்பது என்று கேளுங்கள். தட்டைத் துணியில் கூரான முக்கோணத்தை மடித்துத் தைத்தால் புடைப்பு வருகிறது அல்லவா, ஃபோமில் அந்த முக்கோணத்தை வெட்டியே எடுத்துவிட்டு இரண்டு ஓரத்தையும் ஒட்டினால் அதே புடைப்பு வரும். அக்குள் பக்கமிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என இரண்டு டாட் ஒவ்வொரு பக்கமும் போதும். கத்தி செங்குத்தாக நிற்க வேண்டும், சாய்ந்தால் ஒட்டிய இடத்தில் பள்ளம் தெரியும். பிளேடு புதிதாக இருக்கட்டும். மழுங்கிய பிளேடு ஃபோமைக் கிழிக்கும்.

ஒட்டிய பிறகு ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) சூடு காட்டி, வளைத்து, ஆறும்வரை கையிலேயே பிடித்திருங்கள். ஆறுமுன் விட்டால் பழையபடி விரிந்துவிடும். சூடு பட்டதும் ஃபோமின் மேல்தோல் இறுகும், பெயின்டும் அதிகம் உறிஞ்சாது.

ஒல்லியானவர்களுக்கு இந்தப் புடைப்புக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கும், யாராவது தட்டினால் உள்ளே அமுங்கும். கவசத்தின் உட்புறத்தில் இரண்டு விரல் அகல ஃபோம் துண்டுகளைக் குறுக்கே விலா எலும்பு மாதிரி நிறுத்தி ஒட்டிவிடுங்கள். வயிற்றுத் தட்டை மார்போடு ஒட்ட வேண்டாம். மார்புத் தட்டு இரண்டு அங்குலம் அதன்மேல் ஏறி நிற்க, உள்ளே எலாஸ்டிக் கொடுத்தால் குனிந்து நிமிரலாம்.

தொடைக் கவசம் நாலு எட்டு வைத்ததும் முட்டிக்கு இறங்கிவிடுகிறது. இறுக்கிக் கட்டினால் கால் மரத்துப்போகிறது. என்ன செய்ய?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். ஒல்லியான காலில் கவசத்தை இறுக்கி நிறுத்த முடியாது. பிடித்துக்கொள்ளச் சதை இல்லை. தொங்கவிடத்தான் வேண்டும். தோளிலிருந்து இடுப்புப் பட்டை தொங்க வேண்டும், அதிலிருந்து தொடைக் கவசம் தொங்க வேண்டும்.

பெல்ட்டில் கட்டினேனே என்பார்கள். ஒடுங்கிய இடுப்பில் பெல்ட்டும் சேர்ந்து இறங்கும். அதனால் தோள்பட்டை உண்டாக்க வேண்டும். ஸ்கூல் பேக்கில் வரும் மாதிரி ஒன்றரை அங்குல நாடா இரண்டு, தோளில் ஏறி முதுகில் ஒரு குறுக்குப் பட்டையோடு சேரட்டும். நான்கு முனையும் இடுப்புப் பட்டையில் தைத்திருக்க வேண்டும். இதைக் கவசத்துக்கு உள்ளே, பனியன்மேல் போட வேண்டும், வெளியே தெரியாது. இடுப்புப் பட்டையிலிருந்து ஒவ்வொரு தொடைக்கும் வெளிப்பக்கம் ஒரு நாடாவும், முன்பக்கம் சற்று உள்ளே தள்ளி ஒரு நாடாவும். ஒற்றை நாடா கொடுத்தால் கவசம் காலைச் சுற்றித் திரும்பிவிடும். நாடாவின் நடுவில் நாலு அங்குலம் எலாஸ்டிக் வையுங்கள், கால் தூக்கும்போது அது இழுபடும். நீளத்தை மாற்ற ஒரு பக்கிள் இருக்கட்டும்.

கீழ்க்கால் கவசத்துக்குத் தொங்கல் வேண்டாம். அதன் அடி விளிம்பு ஷூவின் மேல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். மேல்கைக் கவசம் தோள் தட்டிலிருந்து தொங்கட்டும். முன்கைக்குத்தான் உள்ளே ஒரு எலாஸ்டிக் வளையம் போதும்.

இப்படிச் செய்தால் மொத்த எடையும் தோளிலும் இடுப்பெலும்பிலும் பகிர்ந்து நிற்கும். மார்புக் கவசம் மட்டும் கழுத்தில் தொங்கினால் சாயங்காலம் குறுக்கு வலி வந்துவிடும்.

நம் வட்டாரத்தில் இதைக் கண்ணால் பார்த்துப் படிக்க ஓர் இடம் இருக்கிறது. குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் காளி வேஷம் கட்டுபவர்கள் உயரமான கிரீடமும் கூடுதல் கைகளும் சுமந்து மணிக்கணக்கில் நடக்கிறார்கள். கிரீடம் நேராகத் தலையில் உட்காருவதில்லை. உள்ளே துணி சுற்றி மெத்தை கொடுத்து இறுக்கியிருப்பார்கள். கட்டிவிடும் பெரியவர்களிடம் பணிவாகக் கேட்டால் சொல்லிக்கொடுப்பார்கள்.

கவசம் எலும்பில் குத்துகிறது.

காறை எலும்பு, இடுப்பெலும்பு, முழங்கை, கணுக்கால், கீழ்க்காலின் முன்னெலும்பு என ஐந்து இடத்தில்தான் குத்தும். அங்கே மட்டும் மெத்தென்ற ஸ்பாஞ்சைக் காடா துணியில் சுற்றி வெல்க்ரோவால் ஒட்டுங்கள். கழற்றித் துவைக்கலாம். நாடா ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மெல்லிய நாடா தோலை அறுக்கும்.

ஹெல்மெட் போட்டால் தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறதே?

உடம்பு மெலிந்திருந்தாலும் தலை அளவில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் மார்பைச் சுருக்கிய அதே விகிதத்தில் ஹெல்மெட்டைச் சுருக்க முடியாது, தலை நுழையாது. தலையை அளந்து, சுற்றி ஒன்றரை செ.மீ. மட்டும் இடம் விட்டுச் செய்யுங்கள். மாதிரியில் உள்ளபடி செய்தால் நிறைய வெற்றிடம் இருக்கும், அந்த வெற்றிடம்தான் தலையைப் பெரிதாக்குகிறது. கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடே அளக்க வேண்டும்.

மீதி வேலையைத் தோளும் கழுத்தும் செய்யும். தோள் தட்டுகளோடு சேர்த்த அகலம் ஹெல்மெட் அகலத்தைப் போல் இரண்டரை மடங்காவது இருந்தால் கண்ணுக்குச் சரியாகப் படும். மெலிந்த கழுத்து வெளியே தெரியாமல் கறுப்புத் துணியில் உயரமான காலர் தைத்துப் போடுங்கள்.

எந்தப் பசை?

மரவேலைக்காரர்கள் சன்மைக்கா ஒட்டும் ரப்பர் பசை. ஃபெவிகால் எஸ்.ஆர். 998 அந்த வகைதான், ஹார்டுவேர் கடைகளில் கேட்டாலே எடுத்துத் தருவார்கள். இரண்டு பக்கமும் மெலிதாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்த வேண்டும். சேர்த்துவிட்டால் நகர்த்த முடியாது, எனவே முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பொருத்திக்கொண்டே வாருங்கள். கோடையில் சீக்கிரம் காய்ந்துவிடும். பெரிய துண்டு என்றால் பாதிப் பாதியாகத் தடவுங்கள். ஃபெவிகுயிக் வேண்டாம், காய்ந்த கோடு கல்லாக இறுகி, வளைக்கும்போது பிளக்கும்.

பசையின் ஆவி தலைவலி கொடுக்கும், தீயும் பிடிக்கும். மொட்டை மாடியிலோ திறந்த தாழ்வாரத்திலோ ஒட்டுங்கள். அடுப்பும் சாமி விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

த்ரீடி பிரிண்டரில் அடித்துவிட்டால் வேலை சுலபம்தானே?

ஹெல்மெட்டுக்கும் சின்ன அலங்காரங்களுக்கும் நல்லது. முழுக் கவசத்துக்கு நான் சொல்ல மாட்டேன். எடை கூடும், வளையாது, மெலிந்த உடம்பில் எலும்பில் இடிக்கும். முக்கியமாக, அதிகம் புழங்கும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய காருக்குள் வைத்தால் ஹெல்மெட் கோணிவிடும். பெட்ஜி அல்லது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் என்றால் இன்னும் சூடு தாங்கும். ஃபோம் கவசத்தையும் காருக்குள் விட வேண்டாம், பசை விட்டுப்போகும்.

பெயின்ட்?

ஃபோம் வளையும்போது கூடவே வளைகிற பூச்சு முதலில் வேண்டும். வெள்ளை ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து மூன்று, நான்கு பூச்சு கொடுப்பது மலிவான வழி. ஆனால் நனைந்தால் பிசுபிசுக்கும். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் காலத்தில் போடுவதாக இருந்தால் வெளிச்சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் எமல்ஷன் நல்லது. வெட்டுத் துண்டில் அடித்துக் காயவிட்டு, வளைத்துப் பார்த்து, வெடிக்காவிட்டால் கவசத்தில் அடியுங்கள். மேலே கறுப்பு, அதன்மேல் வெள்ளி. ஓரங்களில் மட்டும் உலர்ந்த பிரஷ்ஷால் வெள்ளியைத் தேய்த்தால் உலோகம் தேய்ந்த மாதிரி வரும்.

வெயிலை எப்படிச் சமாளிப்பது? அம்மா பயப்படுகிறார்கள்.

அம்மா பயப்படுவது நியாயம்தான். ஃபோம் சூட்டை வெளியே விடாது, வியர்வை உலர வழி இல்லை. காலை பத்து மணிக்கு மேல் நாலு மணிவரை வெட்டவெளியில் போட வேண்டாம். உள்ளரங்கில்கூட அரைமணிக்கு ஒருமுறை ஹெல்மெட்டைக் கழற்றி உட்காருங்கள். ஹெல்மெட்டின் பின்பக்கம் சின்ன ஐந்து வோல்ட் ஃபேன் ஒன்றை வைத்துப் பவர் பேங்க்கில் இணைக்கலாம். காற்று உள்ளே வரத் தாடைக்குக் கீழே துளை வேண்டும், இல்லையென்றால் ஃபேன் வைத்தும் பயனில்லை.

போடுமுன்னும் இடையிலும் உப்புப் போட்ட மோர் குடியுங்கள். தலைசுற்றல், வாந்தி உணர்வு, குளிர்கிற மாதிரி நடுக்கம் எது வந்தாலும் அந்த இடத்திலேயே கழற்ற வேண்டும். ஒல்லியான பிள்ளைகள் பலர் வெறும் வயிற்றோடு கிளம்பிவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போட வேண்டும். தானாகக் கழற்ற முடியாத கவசத்தைத் தனியாகப் போடக் கூடாது. பக்கிள் எல்லாம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரு கூட்டாளி கடைசிவரை கூடவே இருக்க வேண்டும்.

பெண்பிள்ளைக்குச் செய்யும்போது மாற்றம் உண்டா?

மார்பு வடிவத்தைத் தனித்தனிக் கிண்ணமாகச் செய்ய வேண்டாம். நடுவில் ஒரே கூர்முனை வரும்படி செய்தால் பார்க்கவும் அழகு, போடவும் சுகம். முடியைத் தாழ்வாகப் பின்னி, ஹெல்மெட்டின் பின்கழுத்தில் அதற்கு இடம் விடுங்கள்.

தசராவுக்கு இந்தக் கவசத்தைப் போட்டுப் போகலாமா?

குலசேகரன்பட்டினத்தில் காளி, குறவன், குறத்தி, போலீஸ், குரங்கு, கரடி என்று பலவிதமான வேஷங்கள் உண்டு. ஆனால் எல்லாமே முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மாலை போட்டு, விரதம் இருந்து கட்டுபவை. கவசத்தைக் காட்ட அது இடமில்லை என்பது என் எண்ணம். நேர்த்திக்கடன் இருந்தால் வீட்டுப் பெரியவர்களிடமும் உங்கள் ஊர் தசரா குழுவிடமும் கேட்டு, அவர்கள் சொல்லும் வேஷம் கட்டுங்கள்.

போட்டோ எடுக்க நல்ல இடம்?

உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் இருக்கும் தேரிக்காடு. செக்கச்சிவந்த மணல், இடையிடையே பனை. வேறு கிரகம் என்றால் நம்பிவிடுவார்கள். பனை தெரியாமல் தாழ்வான கோணத்தில் எடுங்கள். காப்புக்காடாக இருக்கும் பகுதிக்கு வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆனி, ஆடியில் காற்று பலமாக அடிக்கும், மணல் கண்ணில் விழும், ஒல்லியான ஆளுக்கு அங்கி போட்டால் காற்று ஆளையே இழுக்கும். மார்கழி, தை மாதக் காலை நேரம் உத்தமம். கையில் துப்பாக்கி இருந்தால் பளிச்சென்ற நிறத்தில் பொம்மை என்று தெரிகிற மாதிரி செய்யுங்கள். பேருந்திலும் தெருவிலும் அதைப் பையை விட்டு வெளியே எடுக்க வேண்டாம்.

சென்னைக்கு ரயிலில் எப்படிக் கொண்டுபோவது?

நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் கிடைத்தால் அடியில் வைத்துவிடலாம். தொடைக்குள் முன்கை, மார்புக்குள் வயிற்றுத் தட்டு என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, இடையில் பழைய வேட்டித் துணி வைத்துப் பெரிய அட்டைப்பெட்டியில் போடுங்கள். ஹெல்மெட் தனிப் பெட்டி. பசை டப்பாவையும் ஸ்ப்ரே பெயின்டையும் ரயிலில் கொண்டுபோகக் கூடாது, தீப்பிடிக்கும் பொருள். ஒட்டுப் பிரிந்தால் சரிசெய்யப் பசையைச் சென்னையிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஊசி, கறுப்பு நூல், கூடுதலாக நாலு பக்கிள், ஒரு சுருள் வெல்க்ரோ கையில் இருக்கட்டும்.

அடுத்த வருஷம் நான் உடம்பு போட்டுவிட்டால் இது வீணாகிவிடாதா?

வீணாகாது, முதலிலேயே இடம் விட்டால். மார்பையும் முதுகையும் பக்கத்தில் ஒட்டிவிடாமல் பக்கிளும் நாடாவும் கொடுத்து இணையுங்கள், நாடா மூன்று அங்குலம் நீளமாகவே இருக்கட்டும். உள்ளே வைத்த மெத்தையை எடுத்தாலே மார்பில் மூன்று அங்குலம் கிடைக்கும். கீழ்க்காலும் முன்கையும் வெல்க்ரோவில் மூடுவதால் ஒரு விரல் அகலம் தளர்த்தலாம். பதினாறு, பதினேழு வயதுப் பையன் என்றால் உயரமும் கூடும். தொடைக் கவசத்தின் தொங்கு நாடாவை நீட்டி, வயிற்றுத் தட்டை ஒரு அங்குலம் இறக்கிவிட்டால் இன்னொரு வருஷம் போடலாம். வெட்டிய தாள் மாதிரிகளில் எந்தப் பக்கம் இடது, எந்தப் பக்கம் வலது என்று எழுதிச் சுருட்டிப் பத்திரமாக வையுங்கள். அடுத்த கவசத்துக்கு அளவை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.